பாரத விழாவில் கூத்து வேண்டுமா? ‘இதனால் என்ன பயன்’ என்று கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது?

வேப்பமரத்தடி:

வணக்கம் எல்லாருக்கும். செய்யாறு பக்கத்துக் கிராமம் எங்களுடையது. திரௌபதியம்மன் கோயில் இருக்கிறது, வைகாசியில் பாரத விழா நடக்கும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார், ராத்திரி கூத்து, கடைசி நாள் படுகளம் (துரியோதனன் விழுகிற கட்டம்), சாயங்காலம் தீமிதி. இந்த வருஷம் விழாக் கமிட்டியில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள் (கணக்கு எழுத ஆள் வேண்டும் என்பதால்தான், வேறு பெருமை ஒன்றும் இல்லை). முதல் கூட்டத்திலேயே சண்டை வந்துவிட்டது. கூத்து ராத்திரிகளைக் குறைத்துவிட்டு மெல்லிசைக் கச்சேரியும் எல்இடி திரையும் வைக்கலாம் என்கிறார்கள் என் வயதுப் பையன்கள். அவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடிய நடக்கிறது, பன்னிரண்டு மணிக்குப் பிறகு உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் பேர், அதிலும் பாதிப் பேர் மணலிலேயே துண்டை விரித்துத் தூங்குகிறார்கள். “இதனால் ஊருக்கு என்ன பயன், சொல்லுங்க” என்று ஒருவன் நேராகவே கேட்டான். பெரியவர்கள் “காலங்காலமா நடக்குது” என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அது பதில் இல்லை என்று எனக்கே தெரிகிறது.

சென்னையில் நவீன நாடகம் போடுகிற நண்பன் ஒருவனிடம் கேட்டேன். “பயன் என்று கேட்பதே தப்பு, கலை எதற்கும் பயன்பட வேண்டியதில்லை, பயன்பட்டால் அது கைத்தொழில்” என்றான். இதை நான் கமிட்டியில் போய்ச் சொன்னால் அன்றைக்கே கூத்தை நிறுத்திவிடுவார்கள். எங்கள் பிரசங்கியாரோ எதிர்ப்பக்கம் போகிறார், “கூத்து கலையே கிடையாது தம்பி, அது பூசை, பூசையை யாராவது குறைப்பார்களா” என்கிறார். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. சின்ன வயதில் துகிலுரிதல் அன்றைக்கு நான் பயந்து அழுதிருக்கிறேன், அது பூசை பார்த்து வந்த அழுகை இல்லை. அதே சமயம் சினிமா பார்த்து அழுவது மாதிரியும் இல்லை.

கலை என்றால் அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டுமா? இருந்தால் அது என்ன வேலை? புத்தகம் படித்தவர்களும் சரி, ஆடுகிறவர்களும் சரி, கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் ஏதாவது பேசத் தெரிந்தால் நல்லது.


கணக்குப்பிள்ளை:

உணர்ச்சிவசப்படாமல் சொல்கிறேன். ஊரில் தலைக்கட்டு வரி போட்டு வசூல் செய்கிற பணம், கொடுக்கிறவன் கேட்கத்தான் செய்வான். யாரும் பார்க்காத நிகழ்ச்சிக்கு அதை ஏன் செலவழிக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி, அதற்குக் கலையின் தத்துவம் எல்லாம் தேவையில்லை. பிடித்திருந்தால் வந்து பார்ப்பார்கள், பிடிக்காவிட்டால் வரமாட்டார்கள், அவ்வளவுதான். அழிந்துவிடக் கூடாது என்ற கவலை இருந்தால் நல்ல கேமரா வைத்துப் படம் எடுத்து யூட்யூபில் போடுங்கள், என்றைக்கும் இருக்கும். நான் மெல்லிசைக் கச்சேரிக்கும் ஆதரவு இல்லை, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டலாம் என்பதுதான் என் கட்சி.


ஓரத்து நாற்காலி:

உங்கள் நண்பர் சொன்னதை அப்படியே தள்ளிவிட வேண்டாம், ஆனால் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் எடை தெரிந்துவிடும். ‘கலை கலைக்காகவே’ என்ற முழக்கம் 19ஆம் நூற்றாண்டு பிரான்சில் கிளம்பியது. அதற்கு முன்பே, 1790இல், ஜெர்மன் தத்துவவாதி காண்ட், அழகை ரசிக்கிற மனம் அந்தப் பொருளால் தனக்கு என்ன ஆதாயம் என்று பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தார். அரண்மனையும் தேவாலயமும் கூப்பிட்டு வேலை கொடுத்த காலம் போய், முகம் தெரியாத யாரோ வாங்குவார்கள் என்று ஓவியன் சந்தையில் காத்திருக்கத் தொடங்கிய காலம் அது. பொது மியூசியங்கள் வந்ததும் அப்போதுதான், லூவர் 1793இல் திறந்தது. பலிபீடத்துக்கு மேலே இருந்த ஓவியத்தைக் கழற்றிக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் மாட்டினால் அது செய்துகொண்டிருந்த வேலை போய்விடுகிறது, பார்ப்பது ஒன்றுதான் மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தையே கலையின் சாரம் என்று ஆக்கிவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். தப்பான ரசனை என்று சொல்லவில்லை, எழும்பூர் மியூசியத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் நானும் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். ஆனால் அதுதான் கலையின் ஒரே நிலை என்று அடம்பிடிக்கும்போதுதான் வம்பு.

தமிழிலும் இந்தச் சண்டை நன்றாகவே நடந்தது. 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார், அந்தப் பக்கம் வடிவம், சோதனை என்று பேசினார்கள். 1961இல் கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா கலை இலக்கியப் பெருமன்றத்தைத் தொடங்கினார், இந்தப் பக்கம் கலை மக்களுக்காக என்று பேசினார்கள். எனக்கு இதில் வேடிக்கையாகத் தோன்றுவது, பயன் என்றால் ‘கருத்து’ என்றே இரண்டு தரப்பும் பெரும்பாலும் எடுத்துக்கொண்டார்கள். படைப்பு எதையாவது சொல்லி நம்மைத் திருத்த வேண்டுமா வேண்டாமா என்பதுதான் வாதம். தாலாட்டுக்கு என்ன கருத்து? பிள்ளை தூங்க வேண்டும், அவ்வளவுதான். ஒப்பாரிக்கு, நடவுப் பாட்டுக்கு, ஏற்றப் பாட்டுக்கு எல்லாம் வேலை உண்டு, கருத்து இரண்டாம் பட்சம். அந்த மாதிரிப் பயன் அந்தச் சண்டையில் அதிகம் வரவில்லை.

இப்போது கூத்துக்கு வருகிறேன். உங்கள் நவீன நாடக நண்பருக்கு ஒன்றை ஞாபகப்படுத்துங்கள்: நாடகாசிரியர் ந. முத்துசாமி புரிசை ஊர்க் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து அசந்துபோனவர், 1977இல் அவர் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியதற்குப் பின்னால் அந்த அனுபவம் இருக்கிறது. நம் நவீன நாடகமே அந்த மண்ணில் கொஞ்சம் வேர் விட்டதுதான். 2016இல் பாரிஸில் தியேத்ர் து சொலேய் குழு மேடையேற்றிய நாடகம் ஒன்றில் பிரெஞ்சு நடிகர்கள், புரிசைக் கலைஞரிடம் பயிற்சி எடுத்து, துகிலுரிதலைக் கூத்தாகவே ஆடினார்கள். அங்கே யாருக்கும் அம்மனிடம் வேண்டுதல் கிடையாது, தீமிதி கிடையாது, ஆனாலும் அரங்கம் உட்கார்ந்து பார்த்தது. ஆகவே பூசையைக் கழித்துவிட்டாலும் கூத்தில் ஏதோ ஒன்று நிற்கிறது, அதைத்தான் நான் கலை என்பேன். பிரசங்கியாரிடம் மரியாதையோடு இதைச் சொல்லலாம்.


புஜக்கட்டை:

தம்பி வேப்பமரத்தடி, நான் காஞ்சிபுரம் பக்கத்து ஜமா, அதாவது கூத்துக் குழு. அப்பா பெண் வேஷம் கட்டியவர், நான் ராஜ வேஷம் கட்டுகிறேன், மழைக்காலத்தில் கொத்தனார் வேலைக்கும் போவேன். நாற்காலி சார் சொன்னது எல்லாம் படித்தேன், நன்றாக இருக்கிறது, ஆனால் ‘கழித்துவிட்டாலும் நிற்கிறது’ என்ற இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆடுகிறவன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அந்தக் கழித்தலைச் செய்யவே முடியாது.

அர்ச்சுனன் தபசு எடுத்துக்கொள்ளுங்கள். உயரமான தபசு மரம் நட்டிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரன் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறுவான், மேலே போய் பரமசிவனை நினைத்துப் பாடி, பூ, எலுமிச்சம்பழம், விபூதி எல்லாம் கீழே போடுவான். பிள்ளை இல்லாத பெண்கள் ஈரப் புடவையோடு கீழே காத்திருப்பார்கள், மடியில் விழுந்தால் கொண்டுபோவார்கள். பிள்ளை பிறக்கிறதா என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் டாக்டர் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. அந்தப் பெண்கள் சும்மா மரத்தில் ஏறிப் பூப்போடுகிற ஒருவனுக்காக நிற்கவில்லை. தொண்டை கட்டிப்போன அர்ச்சுனன், தாளம் தப்புகிற அர்ச்சுனன், கைபேசியைப் பார்த்துவிட்டு ஏறுகிற அர்ச்சுனன் மேலே போனால் கீழே இருப்பவர்கள் முகமே மாறிவிடும், அடுத்த வருஷம் அந்த ஜமாவுக்கு வெற்றிலைப் பாக்கு வைக்கமாட்டார்கள். பாட்டு நன்றாக இருந்தால்தான் பூவுக்கு மதிப்பு. பூசையா கலையா என்று கேட்டால் எந்த இடத்தில் கோடு போடுவது?

கர்ண மோட்சம் இன்னும் தெளிவு. எங்கள் பக்கம் கருமாதி ராத்திரியில் அதை ஆடச் சொல்வார்கள். செத்தவர் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பதினாறு நாளும் சொந்தக்காரர்களுக்குக் காபி கொடுத்து, பந்தல்காரனுக்குப் பணம் கொடுத்து, அழ நேரமே இல்லாமல் ஓடிய மூத்த மகன், கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுகிற இடத்தில் உடைந்துவிடுவான். கர்ணன் விழுந்து, செய்த புண்ணியத்தை எல்லாம் தாரை வார்த்துக் கொடுக்கிறபோது வீடே அழும். அது நடக்கத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். நான் சரியாக ஆடவில்லை என்றால் அது நடக்காது. அப்புறம் ‘பயன் இருந்தால் கலை இல்லை’ என்று சொன்னால் எனக்குப் புரியவே இல்லை, பயனுக்காகத்தான் நான் நன்றாக ஆட வேண்டியிருக்கிறது.

வெளியிலிருந்து கொண்டுவந்து ஏற்றுகிற பயனும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். விழிப்புணர்வுக் கூத்து என்று கூப்பிடுவார்கள், குடும்பக் கட்டுப்பாடு, எய்ட்ஸ், பிளாஸ்டிக் ஒழிப்பு, ஓட்டுப் போடுங்கள். எழுதிக்கொடுத்ததைக் கட்டியங்காரன் (கூத்தில் வரும் கோமாளி) வாயில் போட்டுப் பேசுவோம், அரை மணி நேரம், பேனர் முன்னால் ஒரு போட்டோ, பணம் வந்துவிடும். நல்ல விஷயம்தான், சோறும் போடுகிறது. ஆனால் பார்க்கிறவர்கள் அதில் ஒட்டமாட்டார்கள், எங்களுக்கும் வேர்க்காது. இத்தனைக்கும் கட்டியங்காரன் எந்தக் கூத்திலும் ஊர் விஷயம் பேசுகிறவன்தான். துரியோதனன் சபையில் நின்றுகொண்டே ‘உங்க ஊர் தண்ணித் தொட்டி ஏன்யா காஞ்சு கிடக்குது’ என்பான், தலைவர் முன்வரிசையில் இருப்பார், சிரித்துத்தான் ஆக வேண்டும். அதை யாரும் எழுதிக்கொடுப்பதில்லை. சாயங்காலம் டீக்கடையில் கேட்டுக்கொண்டு வருவான்.

கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு: ‘கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்’ என்று பழமொழி. எப்போது விடியும் என்று நாங்களும் பார்க்கிறவர்கள்தான், கூலி எங்களுக்கும் கணக்கு. மெல்லிசைக் குழுவுக்கு ஒரே ராத்திரிக்குக் கொடுப்பதில் பாதி கூடப் பல ஊர்களில் எங்களுக்கு வருவதில்லை. கழிப்பறை கட்டுவது அவசியம், அதற்குப் பஞ்சாயத்து நிதியைக் கேளுங்கள், எங்கள் கூலியில் கை வைக்காதீர்கள். யூட்யூபில் போட்டால் பார்ப்பார்கள், சரி. மடியில் பூ எப்படி விழும்?


வெயிலடி:

எல்லாரும் ‘ஊர்’, ‘ஊர்’ என்று எழுதுகிறீர்கள். எந்த ஊர்? நான் விழுப்புரம் மாவட்டம். எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் ஒன்று, காலனி என்றால் வேறு. மேல்பாதி திரௌபதியம்மன் கோயிலில் தலித்துகள் உள்ளே வந்ததற்காக அடிவாங்கியதும், 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்ததும், நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் திறந்ததும் எல்லாரும் செய்தியில் பார்த்ததுதான். அதுவும் இதே பாரதக் கோயில்தான், இதே தீமிதிதான். கலை மக்களைச் சேர்த்துவைக்கிறது என்று சொன்னால் யாரை விட்டுவிட்டுச் சேர்க்கிறது என்றும் சொல்ல வேண்டும். விழா என்பது ஊரின் எல்லையை வருஷா வருஷம் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுகிற வேலையையும் செய்கிறது. உற்சவம் எந்தத் தெருவரை வரும், எந்தத் தெருவில் திரும்பும், யாரிடம் வரி வாங்குவார்கள், யார் கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள் என்பதெல்லாம் அந்தப் பத்து நாளில்தான் உறுதியாகிறது. கலையின் ‘சமூகப் பயன்’ என்று புத்தகத்தில் எழுதுகிறார்களே, அதில் இதுவும் சேர்த்தி.

கர்ண மோட்சம் பற்றி அண்ணன் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியதையும் சொல்கிறேன். அந்தக் கூத்தில் பொன்னுருவி என்ன செய்கிறாள்? தேரோட்டி மகன், பிறப்பு தெரியாதவன் என்று சொல்லிக் கட்டிய புருஷனை இளப்பமாகப் பேசுகிறாள். பிறப்பைச் சொல்லி அவமானப்படுத்தப்பட்ட ஒருவனுக்காக ஊரே விடிய விடிய அழுகிறது. விடிந்ததும் எழுந்து போய் டீக்கடையில் எங்கள் ஆளுக்குத் தனி டம்ளர் வைத்த காலத்தை என் தாத்தா பார்த்திருக்கிறார். அந்த அழுகை எங்கே போனது? கலை மனதைப் பண்படுத்தும் என்பதை நான் இதனால்தான் லேசில் நம்புவதில்லை. அழுதாகிவிட்டது, கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போக வைக்கிற வேலையையும் கலை செய்யும்.

பறையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சாவு வீட்டில் அடித்தே தீர வேண்டும் என்று எங்கள் மேல் ஏற்றிய வேலை அது, ஊரில் பலர் இனி அடிக்கமாட்டோம் என்று பறையை வீசியெறிந்ததும் ஒரு போராட்டம்தான். அதே பறையைத் திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் தலைநிமிர்ந்து ஆடிக்கொண்டே அடித்தார்கள், இப்போது கல்லூரிப் பிள்ளைகள் சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொள்கிறார்கள், 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தோல் அதேதான், அடியும் அதேதான். அடிக்கமாட்டேன் என்று சொல்கிற உரிமை வந்தபிறகு அடிப்பது வேறு காரியமாகிவிடுகிறது. அதனால் என் கேள்வி, கலைக்குப் பயன் உண்டா என்பதில்லை. அந்தப் பயனை யார் தீர்மானிக்கிறார்கள், வேலையை யார் தலையில் வைக்கிறார்கள் என்பதுதான். வேப்பமரத்தடி, உங்கள் கமிட்டியில் எங்கள் தெரு ஆள் யாராவது உண்டா?


வேப்பமரத்தடி:

இல்லை. காலனியில் வரி வாங்குவதில்லை, கூத்துப் பார்க்க வருவார்கள், தனியாகப் பின்பக்கம் உட்காருவார்கள். அது வழக்கம் என்றே பார்த்துப் பழகிவிட்டோம். நீங்கள் கேட்டபிறகு எழுதவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் இந்தப் பேச்சு இதுவரை வந்ததில்லை, மெல்லிசைக் கச்சேரி கேட்கும் பையன்களும் எழுப்பவில்லை.


வாவிக்கரை:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். உங்கட கூத்தும் எங்கட கூத்தும் ஒன்றில்லை, ஆனால் இந்தக் கதையை நாங்கள் அறுபது வருசமாகக் கதைத்துக்கொண்டிருக்கிறோம், அதனால் இரண்டு வார்த்தை.

எங்களிடம் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகைக் கூத்து. ஜமா என்று வெளியிலிருந்து கூப்பிடுகிற வழக்கம் இல்லை, ஊரவரே ஆடுவார்கள். அண்ணாவியாரை, அதாவது கூத்துப் பழக்குகிற ஆசானை அழைத்து, யார் யாருக்கு என்ன பாத்திரம் என்று பார்த்துச் சட்டம் (அவரவர் பாட்டு, வசனம் எழுதின ஏடு) கொடுத்து, மாதக்கணக்கில் இரவிரவாகப் பழகி, சதங்கை அணிந்து, பிறகுதான் அரங்கேற்றம். வட்டக்களரியில், அதாவது வட்டமான ஆடுகளத்தில் ஆடுவார்கள், சுற்றிவர ஊர் இருக்கும். ஆடுகிறவன் மீன்பிடிக்கிறவனாக இருப்பான், வயல் செய்கிறவனாக இருப்பான்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இதைப் படித்தவர்களின் மேடைக்குக் கொண்டுபோனார். 1962இல் கர்ணன் போர், பிறகு நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை. விடிய விடிய ஆடுகிறதைச் சுருக்கி, படச்சட்ட மேடைக்கு ஏற்றமாதிரி ஆட்களை முன்பக்கம் பார்க்க வைத்து, தேர்ந்த ஆட்டமாக்கினார்கள். கூத்து என்றால் இளக்காரமாகப் பார்த்த நகரத்து ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள், அது சின்ன விசயமில்லை, அந்த மதிப்பு இல்லாவிட்டால் பல ஊர்களில் களரி அப்போதே நின்றிருக்கும். ஆனால் சுருக்கினபோது எது போனது? நேரம் மட்டும் போகவில்லை. இரவிரவாகப் பழகின அந்த மாதங்கள் போயின. கூத்தின் பாதி வேலை அரங்கேற்றத்துக்கு முதலே நடந்துவிடுகிறது என்று நான் நினைக்கிறேன். கோபித்துக்கொண்டு கதைக்காமல் இருந்த இரண்டு குடும்பத்துப் பொடியன்கள் ஒருவன் தருமனாகவும் மற்றவன் வீமனாகவும் வந்துவிட்டால், ஒன்றாகத் தாளக்கட்டுப் பழகித்தான் ஆக வேண்டும்.

வெயிலடி எழுப்பின விசயம் எங்களிடமும் இருக்கிறது. எந்தச் சாதிக்கு எந்தப் பாத்திரம், யார் மத்தளம் அடிப்பது, பெண்கள் ஏன் ஆடுவதில்லை எல்லாம். 2000களின் தொடக்கத்தில் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊரவரும் சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் என்று ஒரு வேலை செய்தார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து திருத்திக் கொடுக்கவில்லை. ஊரவரோடு இருந்து, பெண்களை இழிவாகச் சொல்கிற வரிகள், சாதியை இளப்பமாகச் சொல்கிற வரிகள் வேண்டுமா என்று கதைத்து, சண்டை பிடித்து, மாற்றினார்கள். மாற்றினால் கூத்து செத்துவிடும் என்று பயந்தவர்களும் இருந்தார்கள். கூத்து சாகவில்லை. ஊருக்குக் கூத்து இன்னும் வேலையில் இருந்ததால்தான் அந்தச் சண்டையே வந்தது என்பேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற சாமானுக்கு யாரும் சண்டை பிடிக்கமாட்டார்கள்.

நாற்காலி அவர்களுக்கு: பாரிஸ் ஆட்கள் ஆடினது எனக்கும் சந்தோசம்தான். ஆனால் அங்கே ஆடினபோது அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது என்று நீங்கள் எழுதினதுபோல் தெரிகிறது. வேலை மாறிவிட்டது என்று சொல்லலாம். அந்த அரங்கத்துக்கு வேறு தேவை இருந்தது, அதை அது செய்தது.


ஓரத்து நாற்காலி:

வாவிக்கரை சொல்வது நியாயம், ‘வேலை மாறியது’ என்பது நான் எழுதியதைவிட நல்ல வாக்கியம். ஆனாலும் ஒரு சந்தேகத்தை விடமாட்டேன். எல்லாவற்றையும் வேலை, வேலை என்று கட்டிவிட்டால், வேலை முடிந்தபின்னும் நம்மை விடாமல் பிடித்துக்கொள்கிற ஒன்று இருக்கிறதே, அதற்குக் கணக்கு எங்கே? புஜக்கட்டை அண்ணனே, யாரும் இல்லாத விடியற்காலை நேரத்தில், பாதிப் பேர் தூங்கும்போது, நீங்கள் ஏன் அடவை முழுசாகப் போடுகிறீர்கள்?


புஜக்கட்டை:

திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, திரையை விலக்கி வெளியே வந்துவிட்டால் சுற்றி வராமல் இருக்க முடியாது சார், கால் நிற்காது. அது ஒரு பக்கம். இன்னொன்று, தூங்குகிறார்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள், முகவீணை (ஊதுகிற குழல்) நின்றுபோனால் எல்லாரும் விழித்துக்கொள்வார்கள், நான் பார்த்திருக்கிறேன். கூத்துக்குள்ளேயேதான் தூங்குகிறார்கள். அப்பாவோடு வந்து மணலில் தூங்கிய பிள்ளைக்குப் பாட்டு எப்படியோ மனப்பாடம் ஆகிவிடுகிறது, எனக்கும் அப்படித்தான் வந்தது.

வெயிலடி தம்பிக்குப் பதில் சொல்லாமல் போகக் கூடாது. நீ எழுதியது சரி. எங்கள் ஜமாவிலேயே பல சாதி ஆட்கள் இருக்கிறோம், வேஷம் போட்டுவிட்டால் கிருஷ்ணர் காலில் ஊரே விழும், வேஷம் கலைத்துவிட்டால் அதே ஆளுக்குச் சாப்பாடு திண்ணையில் வைக்கிற வீடுகளும் உண்டு. பெண்கள் ஆடக் கூடாது என்றும் சொன்னார்கள். புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002இல் குருகுலம் வைத்துப் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள், அந்தப் பிள்ளைகள் மரக் கிரீடமும் புஜக்கட்டையும் வைத்த பெரிய கட்டை வேஷம் எல்லாம் கட்டி ஆடினார்கள். ‘பொம்பளை எப்படி விடிய விடிய ஆடுவா’ என்றவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். கூத்து தானாக யாரையும் சேர்க்காது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். சேர்க்க நினைப்பவன் கையில் கிடைத்தால் சேர்க்கும்.


கணக்குப்பிள்ளை:

கருமாதி விஷயம் படித்தேன். என் அப்பா காரியத்தில் கர்ண மோட்சம் வைத்தார்கள், செலவு என்று நான்தான் முனகினேன். இருந்தாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது, பத்து ராத்திரியும் வேண்டுமா?


வேப்பமரத்தடி:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

நேற்றுக் கூட்டம் முடிந்தது. ‘என்ன பயன்’ என்று கேட்ட பையனிடம் நான் தத்துவம் எதுவும் பேசவில்லை. படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனனைப் படுக்க வைத்திருப்போமே, திரௌபதி கூந்தலை முடிந்துகொண்டதும் அந்த மண்ணை உன் அம்மா எடுத்துக்கொண்டுபோய் எங்கே போடுகிறார்கள் என்று கேட்டேன். “மாட்டுக் கொட்டாயில” என்றான். மெல்லிசைக் கச்சேரி முடிந்ததும் உன் அம்மா எதை எடுத்துக்கொண்டு போவார்கள் என்றேன், சிரித்துவிட்டான். அதற்காக எல்லாம் மாறிவிடவில்லை. ஒரு ராத்திரி மெல்லிசை உண்டு, அதைத் தடுக்க முடியவில்லை. கூத்து ராத்திரிகள் கொஞ்சம் குறைகின்றன, ஆனால் வில் வளைப்பு, துகிலுரிதல், தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் ஐந்தும் முழுசாக இருக்கும், ஜமாவுக்கான கூலியை ராத்திரிக்கு இவ்வளவு என்று கூட்டியிருக்கிறோம்.

காலனியிலிருந்தும் வரி வாங்க வேண்டும், கமிட்டியில் இரண்டு பேர் வேண்டும் என்று சொன்னேன். சத்தம் கிளம்பியது. “அப்புறம் பார்க்கலாம்” என்று தள்ளிவைத்திருக்கிறார்கள். அந்த ‘அப்புறம்’ எப்போது என்று கேட்டு அடுத்த கூட்டத்தின் விஷயப் பட்டியலில் நானே எழுதிவிட்டேன், கணக்கு நோட்டு என்னிடம்தானே இருக்கிறது.

புஜக்கட்டை அண்ணே, ஒரு சந்தேகம். பையன்கள் பெரிய ஸ்பீக்கர் செட் வைக்கிறோம் என்கிறார்கள். ஆடும் களத்தில் மைக் எங்கே தொங்கவிடுவது? போன வருஷம் ஆர்மோனியம் மட்டும்தான் கேட்டது.


வெயிலடி:

நோட்டில் எழுதியதை யாரும் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் இங்கே வந்து எழுதுங்கள், என்ன நடந்தாலும்.


புஜக்கட்டை:

தம்பி, களத்துக்கு மேலே குறுக்கே கயிறு கட்டி நடுவில் ஒன்று, முன்பக்கம் ஒன்று தொங்கவிடச் சொல். கிரீடம் இடிக்காத உயரம் வேண்டும், தோளில் கட்டும் புஜக்கட்டையோடு சுற்றி வரும்போது கயிறு மாட்டக் கூடாது. பின்பாட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு மைக் போதும், ஆர்மோனியத்துக்கு முன்னால் வைக்கவே வேண்டாம், அதுவே எட்டு ஊருக்குக் கேட்கும். ஸ்பீக்கர் செட்டுக்காரனிடம் எக்கோவை முதலிலேயே நிறுத்தச் சொல்லிவிடு, அவன் விடிய விடிய அதைத்தான் திருகிக்கொண்டிருப்பான்.